ரெஸ்டோர் அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பதிவு கொஞ்சம் நீளம்தான். கோயில் மைக்செட் பொறுப்புல இருக்குற தம்பிங்க கட்டாயம் படிங்க.

நம்ம கோயில்ல காலையில நடை திறந்ததும் பாட்டு ஓடுறது ஒரு பழைய ஐபாட் கிளாசிக்ல இருந்துதான். சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்யுற ஒரு குடும்பம் உபயமா கொடுத்தது. போன வாரம் அது படுத்துக்கிச்சு. திரையில ஆப்பிள் சின்னம் வருது, அணையுது, திரும்ப வருது. அதுக்கு மேல நகரவே இல்லை.

கூட்டத்துல ஒருத்தர், "தூக்கிப் போடுங்கண்ணே, யூடியூப்ல எல்லாம் இருக்கு"ன்னார். இன்னொருத்தர், "கம்ப்யூட்டர்ல மாட்டி ரெஸ்டோர் அமுக்குங்க, சரியாயிடும்"னார். ரெண்டுக்கும் நாங்க சம்மதிக்கலை.

எம்.எஸ். அம்மா சுப்ரபாதம், சூலமங்கலம் சகோதரிகளோட கந்த சஷ்டி கவசம், எல்.ஆர். ஈஸ்வரி பாடின அம்மன் பாட்டு, இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். ஆனா அந்த ஐபாட்ல பழைய தோட்டத்துக் கோயில் பண்டாரம் ஐயா பாடின தேவாரமும் இருக்கு. தோட்டத்தை வித்து வீடமைப்பு வர்றதுக்கு முன்னாடி கேசட்ல பிடிச்சது. கேசட் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. ஐயாவும் இப்போ இல்லை. அவர் குரலை யூடியூப்ல எப்படித் தேடுவீங்க?

ரெஸ்டோர்னா பழையபடி ஆக்குறதுன்னு அர்த்தம். அதைக் கேட்டதும் பாட்டும் திரும்ப வந்துரும்னு நினைச்சுக்கிறோம். வராது. கருவியை இயக்குற மென்பொருள், அதான் ஃபர்ம்வேர், அது மட்டும்தான் புதுசா ஏறும். உள்ள இருந்த பாட்டு மொத்தமும் அழிஞ்சிடும். திரையில எச்சரிக்கை வரத்தான் செய்யுது, யார் படிக்கிறா?

நாங்க படிக்கலை. சில வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு சின்ன ஐபாட் நின்னு போச்சு. அவசரத்துல நாங்களே ரெஸ்டோர் அமுக்கினோம். ஐபாட் நல்லா உயிர் வந்துச்சு. ஆனா உள்ளுக்கு ஒண்ணுமே இல்லை. நவராத்திரி ஒன்பது நாளும் நம்ம மாதர் குழு பாடின பஜனை அத்தனையும் போச்சு. அதுல முன்னால நின்னு பாடின அக்கா அடுத்த வருஷம் தவறிட்டாங்க. அவங்க மகள் வந்து, "அம்மா பாட்டு இருக்கா அங்கிள்?"னு கேட்டப்போ எங்களால நிமிர்ந்து பார்க்க முடியலை. வேலையிடத்துல ஒரு மெஷினுக்குப் புது புரோகிராம் ஏத்துறதுன்னா, பழையதைக் காப்பி எடுக்காம எங்க பையன் எவனையும் நாங்க கை வைக்க விடுறதில்லை. கோயில்ல மட்டும் அந்தப் புத்தி எங்கே போச்சுன்னு தெரியலை.

அதனால இந்த வாட்டி நிதானமா செஞ்சோம். முதல்ல மேல இருக்குற ஹோல்ட் சுவிட்சைத் தள்ளிட்டுத் திரும்ப எடுத்தோம். அப்புறம் மெனு பட்டனையும் நடு பட்டனையும் சேர்த்து 8 நொடி வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும். ஆப்பிள் சின்னம் வந்த உடனே கையை மாத்தி, நடு பட்டனையும் பிளே பட்டனையும் பிடிக்கணும். டிஸ்க் மோடுக்குப் போயிடும். ரெண்டு தடவை தப்பிச்சு, மூணாவது தடவைதான் எங்களுக்குப் பிடிபட்டுச்சு.

இப்போ கம்ப்யூட்டர்ல மாட்டினா பென்டிரைவ் மாதிரி தெரியும். ஐடியூன்ஸ் கேட்குற எதுக்கும் சரின்னு சொல்லாதீங்க. விண்டோஸ்ல மறைஞ்சிருக்குற ஃபோல்டரைக் காட்டச் சொன்னா 'ஐபாட் கன்ட்ரோல்'னு ஒண்ணு வரும். அதுக்குள்ள மியூசிக். அதுல எஃப்00, எஃப்01னு வரிசையா பெட்டி பெட்டியா இருக்கும். பாட்டோட பேரெல்லாம் நாலு எழுத்துல கன்னாபின்னான்னு இருக்கும், பயப்படாதீங்க. உண்மையான பேரு பாட்டு ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். அப்படியே மொத்தத்தையும் காப்பி எடுங்க. மேக் கம்ப்யூட்டர்ல அமைச்ச ஐபாட்னா சாதாரண விண்டோஸ் அதைப் படிக்காது. அதுக்கு மேக் வெச்சிருக்குற யாரையாவது பிடிக்கணும்.

எல்லாப் பாட்டும் வந்தாச்சு, ஐயா குரலும் கேட்குதுன்னு போட்டுப் பார்த்த பிறகுதான் ரெஸ்டோர் அமுக்கினோம். முடியுற வரைக்கும் கேபிளை யாரையும் தொட விடலை. நல்லபடியா முடிஞ்சது. ஒரு விஷயம், உள்ள டக் டக்னு சத்தம் வந்தா அது ஹார்ட் டிஸ்க் கோளாறு. அதுக்கு ரெஸ்டோர் மருந்து இல்லை. டிஸ்க்கைக் கழட்டிட்டு மெமரி கார்டு பொருத்துற வழி இருக்கு, தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுங்க.

2001-ல் வந்த ஐபாட்டை 2022 மே மாசத்தோட ஆப்பிள் நிறுத்திடுச்சு. கிளாசிக் 2014-லேயே போச்சு. அதனால குப்பைன்னு ஆகிடுமா? ராக்பாக்ஸ்னு ஒரு மென்பொருள் இருக்கு. ஆர்க்கோஸ் கருவியோட மென்பொருள் பிடிக்காம, சுவீடன்காரங்க சிலர் 2001-ல் ஆரம்பிச்சது. சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் எழுதுறாங்க, நம்மளை மாதிரி. பழைய ஐபாட் பலதுலயும் அது ஓடுது. கைப்பேசியை மைக்செட்ல மாட்டி, அபிஷேகம் நடக்குறப்போ நடுவுல விளம்பரமும் வாட்சப் சத்தமும் வர்றதைவிட, பாட்டு மட்டும் பாடுற இந்தக் கருவி எவ்வளவோ மேல்னு நாங்க சொல்லுவோம்.

கமிட்டிகிட்ட நாங்க கேட்குறது பெரிய செலவில்லை. ரெண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒண்ணு கோயில் அலமாரியில, இன்னொண்ணு செயலாளர் வீட்டுல. தைப்பூசக் கூடாரத்துக்குச் செலவு பண்ற வெள்ளியில இது ஒரு மூலைக்குக் கூட வராது.

உங்க வீட்டு அலமாரியில பழைய ஐபாட், எம்பி3 பிளேயர், கேசட், எது கிடந்தாலும் அதுல நம்ம கோயில் பஜனை இருக்கலாம். ரெஸ்டோர் அமுக்காம அப்படியே எடுத்துட்டு வாங்க. ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் மண்டபத்துப் பின்பக்கம் கம்ப்யூட்டரோட உட்கார்ந்திருப்போம். அந்த அக்கா குரல் யார்கிட்டயாவது ஒரு பாட்டாவது இருந்தா, முதல்ல அதைக் கொண்டு வாங்க.