பேணப்பட்ட நகரம் என்னும் பெருமூச்சு

ஜெர்மனிக்குப் போய்வரும் நம் எழுத்தாளர்களில் பலர் பவேரியாவின் ரோத்தன்பர்க் நகரைப் பற்றி ஒரு கட்டுரையேனும் எழுதாமல் ஓய்வதில்லை. முடிவுரையும் ஏறத்தாழ ஒன்றே: அவர்கள் பேணுகிறார்கள், நமக்கு வரலாற்றுணர்வு இல்லை. இந்தப் பெருமூச்சு எனக்குச் சலித்துவிட்டது.

நானும் டௌபர் ஆற்றின் மேட்டில் நிற்கும் அவ்வூரில் இரண்டு நாள் தங்கியவன்தான். மதிலின்மேல் நடக்கையில் என் கண்ணில் பட்டவை பெயர்கள். மதிலைத் திரும்பக் கட்டப் பொருள் தந்தோர் பெயர்களைக் கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் 300க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன; மதிலின் நீண்ட பகுதியும் போயிற்று. நாம் வியக்கும் 'இடைக்கால'த்தில் கணிசமான பங்கு போருக்குப் பின் கட்டியது. அதற்கு முன் அவ்வூரைக் காத்ததும் வரலாற்றுணர்வன்று, வறுமை. முப்பதாண்டுப் போருக்குப் பிறகு நொடித்துப்போன ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட எவரிடமும் காசில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து பார்த்த பின்னரே அது 'அழகிய பழைய ஊர்' ஆயிற்று.

இனி எங்கள் பக்கம் வாருங்கள். தென்காசியில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1446இல். ரோத்தன்பர்க்கின் புனித யாக்கோபு ஆலயம் அப்போது முடிந்திருக்கவில்லை. பிற்காலத்தில் இக்கோயிலைக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் வீழ்ந்து பணிவதாகத் தமிழ்ச் செய்யுளில் கல்வெட்டு வைத்தவன் அம்மன்னன். வரலாற்றுணர்வு இல்லாதவன் செய்கிற காரியமா இது? கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அங்கே நிகழ்ந்தால் பேணுதல், இங்கே நிகழ்ந்தால் 'புதுசுதானே' என்று உதட்டைப் பிதுக்குகிறோம்.

உண்மையான வேறுபாடு கோபுர வாசலுக்கு வெளியே இருக்கிறது. ரோத்தன்பர்க்கில் தெருவுக்கும் சட்டம் உண்டு. பழைய ஊருக்குள் முகப்பையோ கடைப்பலகையையோ வீட்டுக்காரர் தம் விருப்பம்போல் மாற்ற இயலாது. நாமோ தெய்வம் குடியிருக்கும் இடத்தை மட்டும் காக்கிறோம். மனிதர் குடியிருந்த தெருவுக்காக வாய் திறப்பார் இல்லை. இலத்தூரில் என் தெருவின் திண்ணைகளும் மரத்தூண்களும் ஒவ்வொன்றாகப் போயின. எங்கள் வீட்டுத் திண்ணையை இடிக்கச் சம்மதித்தவன் நானே. வாடகைக்கு ஒரு கடை வேண்டியிருந்தது.

அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முடியவில்லை. ரோத்தன்பர்க்கும் 1938 அக்டோபரில் தன் எஞ்சிய யூதர்களை விரட்டிய ஊர். அசல் ஜெர்மானிய ஊர் என்று நாஜிகள் அதைக் கொண்டாடினார்கள். நம் பயணக்கட்டுரைகளில் இது வருவதில்லை. ஆனால் இடைக்கால யூதர் தெரு அங்கே இன்றும் நிற்கிறது. விரட்டப்பட்டவர்கள் யார் என்று அதைக் காட்டிக் கேட்க முடிகிறது. எங்கள் திண்ணையை இடித்தபோது, அதில் உட்கார விடப்படாதவர்களின் சாட்சியத்தையும் சேர்த்தே இடித்தேன்.

ஆகவே, அடுத்த விமானம் ஏறுமுன் சொந்த ஊரின் ஒரு தெருவை வீடு வீடாக எழுதுங்கள், நண்பர்களே: யார் கட்டியது, யார் குடியிருந்தது, யார் வாசலோடு நிறுத்தப்பட்டது. எங்கள் தெருவில் பழைய வீடுகள் இன்னும் நான்கு மிச்சம். நான் அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.