யாரைக் கேட்டு முடிவெடுக்கிறோம்?

தசைச்சிதைவு என்று ஒரு பையனின் சீட்டில் எழுதிய கையோடு, "இதுக்கு வைத்தியம் இல்லைம்மா, வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் வட்டாரத்தில் இன்னமும் நடக்கிறது. முன்பாதி ஏறக்குறைய உண்மை. நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. பின்பாதியைச் சொல்ல எந்தப் பாடப்புத்தகமும் மறுவாழ்வுப் பணியில் உள்ள நமக்கு அதிகாரம் தரவில்லை. ஆனால் பெற்றோர் மனத்தில் தங்கிவிடுவது அந்தப் பின்பாதிதான். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தப் பையன் வருவதில்லை.

இந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்த இரண்டு இளம்பெண்கள் நம் சேலத்துக்காரர்கள். வானவன் மாதேவி, அவருடைய தங்கை இயல் இசை வல்லபி. இருவருக்கும் பள்ளி வயதிலேயே தசைகள் தளரத் தொடங்கின. எழவும் நடக்கவும் பிறர் கை வேண்டும் என்ற நிலையில், 2009-இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். தசைச்சிதைவு உள்ளவர்கள் கூடவும், பயிற்சி பெறவும், தங்கள் நிலையைத் தங்களைப் போன்றவர்களிடமே பேசவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்கள் நினைப்பு. இந்த நோயைப் பற்றித் தமிழ்நாட்டில் பொதுவெளியில் பேச்சு எழுந்ததில் அந்தச் சகோதரிகளுக்குப் பெரிய பங்குண்டு. 2017 ஜனவரியில் வானவன் மாதேவி காலமானார். தசைச்சிதைவைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஏப்ரல் 19-இல்.

நம் துறை அவர்களை எப்படி நினைவில் வைத்திருக்கிறது? தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவில் இப்படிப்பட்ட இளைஞர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர்கள் பேசி முடித்ததும் கைதட்டுகிறோம். மறுநாள் மதிப்பீட்டு முகாம் எங்கே நடத்துவது, எந்த அளவில் சக்கர நாற்காலி வாங்குவது என்று கூடிப் பேசும்போது அவர்களில் ஒருவரும் அந்த அறையில் இருப்பதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் செய்தது நம் தொழில். நாம் ஆளில்லாமல் விட்டிருந்த இடத்தில் நின்று செய்தார்கள்.

ஒரு சின்னக் காரியத்தை எடுத்துக்கொள்வோம்: தரையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனைத் தூக்கி நாற்காலியில் வைப்பது. எல்லோரும் செய்வதுபோல அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால், தோள்பட்டைத் தசை தளர்ந்த பிள்ளையின் கைகள் மேலே போய்விடும். உடம்பு நம் பிடியிலிருந்து நழுவிக் கீழே இறங்கும். பின்னாலிருந்து ஒருவர் மார்பைச் சுற்றி அணைத்துப் பிள்ளையின் முன்கைகளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தொடைக்கடியில் கைகொடுத்து, இருவரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். கழுத்து தளர்ந்திருந்தால் தலைக்குத் தாங்கல் தர வேண்டும். நாம் இதை வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் எங்கே பிடித்தால் வலிக்கும், எப்போது பிடி நழுவப்போகிறது என்பதை ஒரு நாளில் பலமுறை தூக்கப்படுகிறவர்தான் சொல்ல முடியும். பயிற்சி வகுப்பில் அவர் பாடம் எடுக்கட்டும். நாம் பக்கத்தில் நிற்போம்.

உடற்பயிற்சியிலும் இதே கதைதான். பக்கவாதத்துக்கும் எலும்பு முறிவுக்கும் பிறகு தசையை மீட்டுப் பழகிய நம் கை, இங்கேயும் "இன்னும் பத்து தடவை" என்று கேட்கிறது. சிதைந்துகொண்டிருக்கும் தசை களைத்துப்போகும் வரை எடை தூக்கவைத்தால் சேதம்தான் கூடும். பிள்ளை "முடியலை" என்றால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுநாளும் வலி நீடித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அது எச்சரிக்கை. குதிகால் தசைநாண் இறுகாமல் நீட்டுவது, இரவில் கணுக்காலுக்குத் தாங்கி போடுவது, முதுகு வளைகிறதா என்று பார்ப்பது, இதயத்தையும் மூச்சையும் காலந்தவறாமல் சோதிக்க அனுப்புவது: பலன் தருபவை இவை. தசைச்சிதைவின் டுஷேன் வகையில் ஸ்டீராய்டு மருந்து நடக்கும் காலத்தை நீட்டிக்கிறது. இரவில் முகமூடி வழியாகத் தரும் சுவாச உதவி ஆயுளையே நீட்டிக்கிறது. முப்பது வயதைக் கடந்து வாழ்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அப்படியானால் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் மிச்ச ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

நம் வட்டாரத்து வீடுகளையும் சொல்லியாக வேண்டும். இளம்பிள்ளையிலும் பள்ளிபாளையத்திலும் தறி ஓடும் வீட்டில் மனிதர் நடக்கவே ஒரு சந்துதான் மிஞ்சும். அரசு தரும் சக்கர நாற்காலி அங்கே திரும்பாது. திருச்செங்கோட்டுப் பக்கம் அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் வர மாதக்கணக்காகும். நாமக்கல்லில் லாரியோடு போகிறவர் கதையும் அதுதான். வளர்ந்துவிட்ட பிள்ளையை அம்மா ஒருத்தியே தூக்குகிறாள். அவளுடைய இடுப்பும் நம் நோயாளிதான். நம் படிவங்களில் அதற்கு இடமில்லை. மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா என்று கேட்கிறோம். வீட்டு நடையில் இரண்டு படியை உடைத்துச் சரிவு போட எவ்வளவு ஆகும் என்று கேட்பதில்லை.

படிவங்கள் எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஒரு கதை. 1962-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் சேர்ந்தார். பதினான்கு வயதில் போலியோ தாக்கி, இரும்பு நுரையீரல் என்ற சுவாசக் கருவியில் உறங்கியவர். அந்தக் கருவி விடுதி அறைக்குள் அடங்காததால் வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். இவரால் ஒரு நாளும் வேலை செய்ய இயலாது என்று மாநில மறுவாழ்வுத் துறையின் அலுவலர் ஒருவர் எழுதி, உதவியை மறுத்திருந்தார். 1972-இல் ராபர்ட்ஸும் நண்பர்களும் பெர்க்லியில் தற்சார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். 1975-இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரே இயக்குநரானார். அந்த அலுவலர் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. நம்மைப் போல ஒரு படிவத்தை நிரப்பியிருப்பார். ஒவ்வொரு மதிப்பீட்டுத் தாளிலும் கையெழுத்திடுமுன் நாம் நினைத்துப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

சிறப்பாசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி, கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின் வழியே கிடைத்த உரிமை. உண்மையிலேயே வர இயலாத பிள்ளைக்கு அது வேண்டும். எட்டாம் வகுப்பு மாடியில் நடக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் பெயரை வீட்டுவழிக் கல்விப் பட்டியலுக்கு மாற்றாதீர்கள். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லித் தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். அந்த வகுப்பில் உடன் படிக்கும் பிள்ளைகளோடு பழகித்தான் நாளைய வானவன் மாதேவிகள் ஊர்க்காரியத்துக்கு வருவார்கள். வீட்டுக்குள் தனியே படித்தவருக்குப் பாடம் வரும், கூட்டாளிகள் வரமாட்டார்கள்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழி செய்திருக்கிறது. கிராம ஊராட்சிகளும் இதில் அடங்கும். நல்ல சட்டம். ஆனால் எளிதாக வந்துபோகக்கூடியவர், கட்சிக்காரர் தோளில் கைபோட்டுப் பேசத் தெரிந்தவர் என்று பார்த்து அந்த இடங்களை நிரப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. தசைச்சிதைவோ மூளை முடக்குவாதமோ உள்ள இளைஞர் எந்தத் தெருவில் இருக்கிறார், என்ன படித்திருக்கிறார், எதைப் பற்றிக் கோபப்படுகிறார் என்பது வீடு வீடாகப் போகும் நமக்குத்தான் தெரியும்.

ஆகவே அடுத்த கிராமசபைக்கு முன்னால் உங்கள் பதிவேட்டைத் திறந்து, வாய்திறக்கத் தயாராக இருக்கும் ஓர் இளைஞரைக் கண்டுபிடியுங்கள். வர விருப்பமா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். கூட்டம் படியில்லாத இடத்தில் நடக்கும்படி ஊராட்சிச் செயலரிடம் பேசுங்கள். தூக்க இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்கள். அவர் பேசும்போது இடையில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள். இந்த இதழும் தன் பங்கைச் செய்யும். வரும் இதழிலிருந்து தசைச்சிதைவு உள்ளவர்கள் நம் சிகிச்சை முறைகளைப் பற்றித் தாங்களே எழுதும் பகுதி தொடங்குகிறது. எழுத முடியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. அவர்களிடம் சொல்லி, கட்டுரைகளை வாங்கி அனுப்பிவையுங்கள்.