பெயர்ப்பலகை சொல்லாதது

தமிழர் தலைமுறைகளாக வாழும் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு குடும்பம் வழக்கில் சிக்கினால், எந்த வக்கீலிடம் போவது என்பதே முதற்கேள்வி. விடை பெரும்பாலும் அண்டை வீட்டாரிடமிருந்தோ உறவினரிடமிருந்தோ வருகிறது. அகில இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 36ஆம் விதி விளம்பரத்தைத் தடுப்பதோடு, இன்ன துறையில் வல்லவர் எனப் பெயர்ப்பலகையில் குறிப்பதையும் தடுக்கிறது. வழக்காடுதல் வணிகமன்று என்பது மதிக்கத்தக்க கொள்கையே. ஆயினும் அதன் சுமை, வக்கீல்களை அறியாத எளியவர் மீதே விழுகிறது.

கீழமை நீதிமன்றத்தில் சாட்சி ஒருவர் தமிழில் ‘பார்த்தது போலிருந்தது’ என்கிறார். பதிவேட்டில் அது ‘பார்த்தேன்’ என்ற பொருளில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஏறிவிட்டால், ஐயம் உறுதியாகிவிடும். ஒருவர் சிறைக்கும் செல்லலாம். அக்கணமே எழுந்து திருத்தம் கோருவதே விசாரணை வக்கீலின் திறன். கொள்குறி வினாக்களாலான அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு இதை அளப்பதில்லை.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் தரும் ‘மூத்த வழக்கறிஞர்’ தகுதியும் இக்குறையைத் தீர்க்காது. கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்களையும் அதற்குப் பரிசீலிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025இல் வலியுறுத்தியது நன்றே. ஆனால் அத்தகுதி பெற்றவர் கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கை ஏற்க இயலாது.

அமெரிக்காவில் 1977இல் தோன்றிய தேசிய வழக்காடல் வாரியம், நடத்திய விசாரணைகள், நீதிபதிகள் மற்றும் சக வழக்கறிஞர்களின் மதிப்பீடு, எழுத்துத் தேர்வு ஆகியவற்றின் அடிப்படையில் சான்றளிக்கிறது. உண்மையான அச்சான்றை மடல்தாளில் குறிப்பதை முற்றாகத் தடுக்கலாகாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது.

சான்றிதழ் கட்டணத்தை உயர்த்தும், முதல் தலைமுறை வக்கீல்களை ஒதுக்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே அது விருப்பத்தின்பாற்பட்டதாக இருத்தல் வேண்டும். சான்று பெறாதவரின் வழக்காடும் உரிமை குறையலாகாது. இலவசச் சட்ட உதவி வழக்குகளில் நடத்திய விசாரணைகளும் கணக்கில் சேர வேண்டும். சான்று குறிப்பிட்ட காலத்துக்குப்பின் மறுபரிசீலனைக்கு உட்பட வேண்டும்.

பலகையில் ஒரு வரி கூடுவதால் தொழிலின் மாண்பு குறையாது. குறுக்கு விசாரணை அறியாத வக்கீலிடம் வழக்கை ஒப்படைத்துத் தோற்றவருக்கோ, இழந்தது மீளாது.