"மேலேயிருந்து காசு வந்தவுடன் தாறன்"



கட்டட வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த வசனம் எது என்று விசாரித்தால், தலைப்பில் உள்ளதைத்தான் சொல்வார்கள். வேலை முடிந்திருக்கும். சுவர் பூசி, நிலம் இழுத்து, தீந்தையும் அடித்தாகிவிட்டது. பிள்ளைகள் அந்த வகுப்பறையில் இருந்து படிக்கவும் தொடங்கிவிட்டார்கள். பூசிய பெண்ணுக்கு மட்டும் காசு வரவில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. எங்கள் நிலையத்தில் பெண்கள் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். கணக்கு எழுதப் போன இடத்தில் கண்டதையும் கற்றதையுமே சொல்கிறேன்.

போருக்குப் பின்னர் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாகப் பயனாளியின் கணக்கிற்கே வந்தது. வீட்டுக்காரியே மேசனைப் பிடித்தாள், அவளே கூலி கொடுத்தாள். நடுவில் ஆள் இல்லை. அந்தக் காலத்தில் கல்லரியவும் பூசவும் பழகிய பெண்கள் பலர் இன்று பாடசாலை, வைத்தியசாலை, வாய்க்கால் வேலைகளுக்குப் போகிறார்கள். இங்கே கதை வேறு. திணைக்களம் பிரதான ஒப்பந்தகாரருக்கு வேலையைக் கொடுக்கிறது. அவர் பூச்சு வேலையை ஒருவருக்கும் தீந்தையை இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். அப்படிப் பிரித்து எடுப்பவரே உப ஒப்பந்தகாரர். கொந்தராத்து என்றாலே பெரிய ஆட்களின் விடயம் என்று நாங்கள் நினைத்திருக்க, ஏழு பெண்கள் சேர்ந்து "ஒரு சதுரத்துக்கு இவ்வளவு" என்று பேசி வேலை எடுத்த அன்றே அவர்களும் உப ஒப்பந்தகாரர் ஆகிவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பெயர்களையும் தவிர்க்கிறேன். ஏழு பேரில் மூவர் கணவரை இழந்தவர்கள். ஒருத்தியின் கணவர் இன்னும் தேடப்படுபவர். மூன்று வகுப்பறைகள் கொண்ட கட்டடத்தின் பூச்சு வேலையை எடுத்தார்கள். வேலை கூடியபோது நான்கு ஆண்களையும் நாட்கூலிக்குப் பிடித்தார்கள். தை மாதம் வேலை முடிந்தது. மாசியில் கொடுபட வேண்டிய மிகுதி 186,500 ரூபா. ஒப்பந்தகாரர், "திணைக்களம் இன்னும் பில் பாஸ் பண்ணேல்லை அக்கா, காசு வந்தவுடன் தாறன்" என்றார். பங்குனியிலும் அதே பதில். சித்திரையில் தொலைபேசியை எடுக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாட்கூலிக்கு வந்த நால்வருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியவர் குழுத் தலைவி. "எனக்கு வரேல்லை, வந்தவுடன் தாறன்" என்று அவரும் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. தாலிக்கொடியை விற்று ஏற்கெனவே நாளாகிவிட்டது. மிஞ்சியிருந்த ஒரு சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். "அவங்களின்ர வீட்டிலயும் அடுப்பு எரிய வேணும் தங்கச்சி" என்றார் என்னிடம். மேலே இருப்பவர் பிந்தினால் கீழே இருப்பவரின் நகை அடைவு கடைக்குப் போகும் என்பதுதான் இந்தத் தொழிலின் நடைமுறை.

இந்த "வந்தவுடன் தாறன்" எங்கள் நாட்டில் மட்டும் உள்ள வியாதி அல்ல. பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று, எனக்குக் காசு வந்தால்தான் உனக்குத் தருவேன் என்று கட்டட ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது என்றது. மேலே பணம் கொடுக்க வேண்டியவர் முறிந்துபோன சந்தர்ப்பம் மட்டுமே விதிவிலக்கு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இன்னொரு வழி. அங்கே ஒப்பந்தகாரருக்கு உரிமம் வழங்கும் சபை ஒன்று 1929 முதல் இருக்கிறது. வேறு விதமாக எழுத்தில் உடன்படாவிட்டால், பிரதான ஒப்பந்தகாரர் தனக்குக் கட்டுப்பணம் கிடைத்து 7 நாட்களுக்குள் உப ஒப்பந்தகாரரின் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். வேலையில் நியாயமான பிணக்கு இருந்தால் பிணக்கிலுள்ள தொகையின் 150 வீதம் வரைதான் பிடித்து வைக்கலாம். மிகுதியைக் கொடுத்தேயாக வேண்டும். காரணமின்றிப் பிடித்தால் மாதம் 2 வீதம் தண்டம். அத்துடன் உரிமச் சபையின் ஒழுக்காற்று நடவடிக்கையும் வரலாம். நீதிமன்றம் கொடு என்று தீர்த்த பணத்தை 90 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் உரிமம் இடைநிறுத்தப்படும்.

அந்தச் சபை கடன் அறவிடும் நீதிமன்றம் அல்ல. ஆனால் உரிமம் இல்லாமல் அடுத்த வேலை எடுக்க முடியாது என்ற பயம் பல கணக்குகளைத் தீர்த்து வைக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. உரிமம் இல்லாமல் வேலை செய்த உப ஒப்பந்தகாரர் அங்கே தன் கூலிக்கு வழக்கே போட முடியாது. எங்கள் ஏழு பெண்களும் அங்கே இருந்திருந்தால் முதலில் அவர்களிடம்தான் உரிமம் எங்கே என்று கேட்டிருப்பார்கள். சட்டம் பெரிய ஆளைக் கட்டும்போது சின்ன ஆளையும் சேர்த்தே கட்டுகிறது.

எங்கள் நாட்டில் ஒப்பந்தகாரர்களைப் பதிவு செய்து தரம் பிரிப்பது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. முன்பு இக்டாட் என்று அழைக்கப்பட்ட நிறுவனம், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதிகாரசபை ஆனது. அதன் மாதிரி ஒப்பந்தப் பத்திரங்களில் பிணக்குத் தீர்ப்பதற்கான வாசகங்களும் உண்டு. ஆனால் அந்தப் பத்திரத்தில் கையொப்பமிடுபவர்கள் திணைக்களமும் பிரதான ஒப்பந்தகாரரும்தான். நாங்கள் அதில் இல்லை. ஆகவே "பாடசாலைக்குத்தானே பூசினோம், திணைக்களம் தரட்டும்" என்று கேட்க முடியாது. எங்கள் ஒப்பந்தம், வாய்ப்பேச்சாக இருந்தாலும், வேலை தந்தவரோடுதான். 7 நாள் என்பது போன்ற கணக்கு உப ஒப்பந்தகாரருக்காக எங்கள் சட்டத்தில் எழுதப்படவில்லை. எனவே உள்ள கதவுகளை நாங்களே தட்ட வேண்டும்.

அந்தக் குழு தட்டிய முதற் கதவு தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 2017 மாசி முதல் நடைமுறையில் இருக்கிறது. காணி விடயத்துக்கு எங்கள் பெண்கள் பலர் இதைப் பாவித்திருக்கிறார்கள். கூலிக்கும் பாவிக்கலாம் என்று பலர் யோசிப்பதில்லை. அரச வேலை என்றால் கொடுபட்டது பொதுப் பணம். இன்ன பாடசாலைக் கட்டடத்தின் பூச்சு வேலைக்கான கொடுப்பனவு ஒப்பந்தகாரருக்கு வழங்கப்பட்டதா, எந்தத் திகதியில் என்று இரண்டே கேள்விகள் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்தோம். தமிழிலேயே எழுதினோம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

பதில் ஆவணியில் வந்தது. அந்தப் பணம் சித்திரை மாதமே ஒப்பந்தகாரருக்குக் கொடுபட்டிருந்தது. தொலைபேசி பதிலில்லாமல் போன அதே மாதம்!

அந்தக் கடிதத்துடன் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்தோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை இது. குறித்த பெறுமதிக்கு உட்பட்ட கடன் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் இங்கே வந்தாக வேண்டும். அந்தப் பெறுமதி காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால் உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். இங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. அது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லதே. எதிர்த்தரப்பிலும் அவர் தானே வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

முதல் அமர்வுக்கு அவர் வரவில்லை. இரண்டாம் அமர்வுக்கு வந்தார். காசு வரவில்லை என்ற பேச்சை எடுக்கவே இல்லை. இப்போது அளவு பிழை என்றார். பூச்சில் வெடிப்பு என்றார். இந்த இடத்தில் குழுத் தலைவியின் கணக்குக் கொப்பி கதைத்தது. ஒவ்வொரு சுவரின் நீள அகலமும் திகதியோடு எழுதப்பட்டிருந்தது. ஒன்பது பக்கங்களில் ஆறில் ஒப்பந்தகாரரின் மேற்பார்வையாளர் கையொப்பமிட்டிருந்தார். அந்த ஆறு பக்கங்களைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மிகுதி மூன்று பக்கங்களுக்கும் இரு தரப்பும் சேர்ந்து போய் மீண்டும் அளந்தார்கள். ஒரு சுவரில் வெடிப்பு இருந்ததை எங்கள் பெண்களும் மறைக்கவில்லை. கடைசியில் 171,000 ரூபா, மூன்று தவணைகளில் என்று இணக்கம் எழுதப்பட்டது. கார்த்திகை, மார்கழி, தை. மூன்றும் கிடைத்தன. 15,500 ரூபா போனது. அடகு வட்டியும் போனது. சங்கிலி மீண்டது.

"ஏன் விட்டுக் கொடுத்தீர்கள்? முழுத் தொகைக்கும் வழக்குப் போட்டிருக்கலாமே" என்று சிலர் கேட்டார்கள். போட்டிருக்கலாம். ஆனால் காலம் என்ற ஒன்று இருக்கிறது. இதைத் தயவுசெய்து மனதில் பதியுங்கள். எங்கள் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டினது. செய்த வேலைக்கும் உழைப்புக்கும் கூலிக்கும் உரிய வழக்கை, பணம் கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்கிறது அது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் மேல் போடும் வழக்குக்கு ஆறு வருடம் உண்டு. வாய்ப்பேச்சுக்கும் ஒரு துண்டுக் கடதாசிக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து வருடம். "தாறன், தாறன்" என்ற இனிய சொல்லிலேயே அந்த ஒரு வருடம் ஓடிவிடும். கடன் இருக்கிறது என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் உங்கள் நிலை பலப்படும். உங்கள் விடயத்தில் எந்தக் காலம் பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் நேரத்தோடு கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். எல்லோரும் உப ஒப்பந்தகாரர் அல்லர். காலையில் வரச் சொல்லி, இதைச் செய் அதைச் செய் என்று ஏவி, நாளுக்கு இவ்வளவு என்று தந்தால் நீங்கள் தொழிலாளி. அப்போது போக வேண்டிய இடம் தொழில் அலுவலகம். சம்பளம் மட்டுமல்ல, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்த வேண்டிய 12 வீதத்தைப் பற்றியும் அங்கே கேட்கலாம். சிலர் இந்தப் பொறுப்பிலிருந்து தப்புவதற்காகவே நாட்கூலிப் பெண்ணையும் "நீங்கள் சப் கொந்தராத்து" என்று சொல்லிவிடுவார்கள். பெயர் என்ன வைத்தாலும், வேலை நடந்த விதத்தைத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள்.

அடுத்த வேலை எடுக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

வேலை தொடங்குமுன் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்த வேலை, ஒரு சதுரத்துக்கு என்ன விலை, சீமெந்தும் மணலும் யாருடையவை, சாரம் யாருடையது, எந்த நாளில் காசு. "திணைக்களம் தந்த பிறகு" என்று எழுத விடாதீர்கள். திகதி கேளுங்கள்.

வாரம் ஒருமுறை அளந்து, அளவுக் கொப்பியில் அவருடைய ஆளின் கையொப்பத்தை வாங்குங்கள். முகம் கோணினாலும் வாங்குங்கள். நட்பாக இருக்கும்போதே வாங்க வேண்டிய கையொப்பம் அது.

குறைபாட்டுக் காலத்துக்கென்று ஒரு பங்கைப் பிடித்து வைப்பார் என்றால், எவ்வளவு, எப்போது திருப்பித் தருவார் என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

காசு பிந்தினால் ஒரு மாதத்துக்குள் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிப் பிரதியை வைத்திருங்கள். அரச வேலை என்றால் தகவல் உரிமை விண்ணப்பத்தையும் உடனே கொடுங்கள்.

உங்கள் கீழ் வேலை செய்தவர்களின் பெயரையும் நாளையும் கொடுத்த காசையும் எழுதி வையுங்கள். நாங்கள் மேலே கேட்கும் நியாயத்தைக் கீழேயும் கொடுக்க வேண்டும்.

அந்தக் குழு இப்போது ஒரு வைத்தியசாலை மதிலைப் பூசுகிறது. ஒப்பந்தம் ஒரு பக்கம்தான், கையால் எழுதியது. இரண்டு பிரதிகளில் ஒன்று ஒப்பந்தகாரரிடமும் மற்றையது குழுத் தலைவியின் அலுமாரியிலும் இருக்கின்றன. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை வைத்திருக்கும் அதே உறையில்தான் அவர் அதையும் வைத்திருக்கிறார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.