கல்யாண வீட்டில் ஒரு பாட்டு

புதுச்சேரியில் ஒரு கல்யாண வீடு. கூட்டம் நிறைந்திருந்தது. இளைஞர் ஒருவர் எழுந்து பாடினார். பாரதியாரின் பாட்டு அது. எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் பாரதியாரும் உட்கார்ந்திருந்தார். பாடியவருக்கு அது தெரியாது!

வேணு நாயக்கர் என்பவரின் திருமணத்தில் நடந்த நிகழ்ச்சி இது. பாடிய இளைஞரின் பெயர் சுப்புரத்தினம். தமிழ் ஆசிரியர். அன்று தொடங்கிய பழக்கம் அவரைப் பாரதிதாசன் ஆக்கியது.

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார்.  அவர் பாட்டு நண்பர்களின் வாயிலும் வாழ்ந்தது. கல்யாண வீட்டில் அன்று அந்தப் பாட்டு ஒலிக்காமல் இருந்திருந்தால்?

பரீட்சைக்கு மட்டுமா?

தவளக்குப்பத்தில் பஸ் ஏறினால் அரியாங்குப்பத்தைத் தாண்டிப் புதுச்சேரி போய்விடலாம். ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. பெருமாள் கோவில் தெருவில் பாரதிதாசன் வீடு இருக்கிறது. இரண்டும் இன்று நினைவு இல்லங்கள். பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துச் சென்று காட்டலாம்.

ஆனால், கவிதை அந்த இரண்டு வீடுகளில் மட்டும் இருந்தால் போதுமா? தவளக்குப்பத்து வீடுகளிலும் இருக்க வேண்டாமா?

இன்று பல பிள்ளைகளுக்குச் செய்யுள் என்றால் பயம். மனப்பாடம் செய்கிறார்கள். மார்க்கு வாங்குகிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. வீட்டில் யாரும் பாடி அவர்கள் கேட்டதில்லை.

மார்கழி காட்டும் வழி

வழி புதிது அல்ல. மார்கழியில் நாளுக்கு ஒரு பாட்டாகத் திருப்பாவை பாடுகிறார்கள். முப்பது நாளில் முப்பது பாட்டு. மலைப்பே இல்லை!

திருக்குறளையும் அப்படிப் படிக்கலாம். ஒரு குறளுக்கு ஏழே சீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு குறளை ஒருவர் படிக்கட்டும், மற்றவர்கள் பொருள் சொல்லட்டும். நான்கு ஆண்டுக்குள் 1330 குறளும் முடிந்துவிடும்.

ஜப்பானில் புத்தாண்டு அன்று குடும்பத்தோடு ஒரு சீட்டு விளையாடுவார்கள். நூறு பழைய கவிதைகள் அந்தச் சீட்டுகளில் இருக்கும். ஒருவர் கவிதையைப் படிக்கத் தொடங்குவார். அதன் பின்பாதி உள்ள சீட்டை யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கே அந்தச் சீட்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் குறளை இரண்டு அட்டைகளில் எழுதிப் பொங்கல் விடுமுறையில் விளையாடலாமே!

பாட்டி சொல்லட்டும்

எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் பாட்டுத் தெரியும். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு எல்லாம் அவள் நெஞ்சில் இருக்கின்றன. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம். அவள் போய்விட்டால் அவையும் போய்விடும்.

பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். புதிதாக எழுதப் படிக்கக் கற்ற தாய்மாரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதலாம். எழுத்துப் பழகும், பாட்டும் பிழைக்கும்.

பாரதிதாசன் வண்டிக்காரருக்கும் தறி நெய்பவருக்கும் பாட்டு எழுதினார். உழைப்பவருக்கு எதற்குக் கவிதை என்று அவர் நினைக்கவில்லை. ஏப்ரல் 29 அவருடைய பிறந்த நாள். அன்று சிலைக்கு மாலை போடட்டும். அதோடு, வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டும் ஒலிக்கட்டும்.

அடுத்த கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் ஒலிபெருக்கியைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். ஒரு பிள்ளையைப் பாடச் சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, கைதட்டுங்கள்.

நாளைய கவிஞன் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். யார் கண்டது?