புலிக்கு வைத்த பங்கு



கோலார் தங்கவயலில் வளர்ந்த பிள்ளையிடம் மலையைக் காட்டு என்றால், அது சயனைடு மேட்டைத்தான் காட்டும். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய பாறைத்தூள் மலையாய்க் குவிந்து, காற்றுக் காலத்தில் இன்றும் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. மெய்யான மலையை ஒருமுறையாவது காணட்டும் என்றுதான் எங்கள் சபை வாலிபரைப் பிலிகிரிரங்கன் மலைக்கு அழைத்துச் சென்றேன். என் பையில் கைப்பிரதிக் கட்டு ஒன்றும் இருந்தது.

பெங்களூரிலிருந்து கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால் வழியாய் யளந்தூரைக் கடந்தால் ஏற்றம் தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கைகோர்க்கும் இடம் இது. அடிவாரத்தில் முட்புதர், ஏற ஏற இலையுதிர் காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும். வனச்சாவடியைத் தாண்டியதும் சாலையோரம் காட்டெருமைக் கூட்டம் ஒன்று நின்றது. வேனில் பாட்டு நின்றுவிட்டது. (எங்கள் வாலிபர் இத்தனை அமைதியாய் இருந்ததை நான் பிரசங்க வேளையிலும் கண்டதில்லை!)

இம்மலையின் பூர்வகுடிகள் சோளகர்கள். சத்தியமங்கலம் பக்கத்திலும் இவர்கள் உண்டு. 1974-இல் இக்காடு வனவிலங்குச் சரணாலயமானபோது, இடம் மாறி இடம் பயிரிட்டு வந்த இவர்கள் போடு எனப்படும் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். பின்பு தேனும் நெல்லிக்காயும் சேகரித்து விற்கவும் தடை வந்தது. 2011-இல் புலிகள் காப்பகம் என்ற அறிவிப்பும் வந்தது. ஆயினும் அவர்கள் சோர்ந்துபோகவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு போராடி, அதே 2011-இல் சமூக வன உரிமையைப் பெற்றார்கள். புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வுரிமை வழங்கப்பட்டது நாட்டிலேயே அதுவே முதல்முறை.

ஒரு போடுவில் முதியவர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். கன்னடத்தில் பேசினோம். தேன் எடுக்கும்போது கூட்டை முழுவதும் எடுப்பதில்லை என்றார். "புலிக்கு மரம் ஏற வராது. அதனால் அதற்கும் ஒரு பங்கு கீழே வைத்துவிட்டு வருவோம்." வாலிபன் ஒருவன் சிரித்துவிட்டான். எனக்கோ யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஏழாம் வருஷத்தில் நிலத்தைச் சும்மா விடும்படி கட்டளையிட்ட கர்த்தர், எளியவர்கள் புசித்து மீந்ததில் காட்டு மிருகத்துக்கும் பங்கு வைக்கிறார். எத்தனையோ முறை வாசித்த பகுதி அது. ஏழைகளைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். மிருகங்களை ஒருநாளும் கவனித்ததில்லை.

எங்கள் ஊர் எதுவென்று கேட்டார். சொன்னோம். "பூமிக்குள் அவ்வளவு ஆழம் போனீர்களே, என்ன மீதி வைத்தீர்கள்?" என்றார். பரியாசமாய் அல்ல, அறிந்துகொள்ளவே கேட்டார். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் பொன் எடுத்த சுரங்கம், 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. பொன் நம் கையில் தங்கவில்லை. அப்பாக்களின் நுரையீரலில் தூசி தங்கியது. மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடும் அந்த வாலிபரில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. சிரித்தவனுடைய தகப்பனார் சாம்பியன் ரீஃபில் வேலை செய்தவர்.

கைப்பிரதிக் கட்டை நான் அன்று பிரிக்கவில்லை. இதை வாசிக்கும் சில ஊழியர்கள் என்னைக் கடிந்துகொள்ளக்கூடும். அத்தேனே பட்டணத்தில் பவுல் முதலில் சுற்றிப் பார்த்தார் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைப்பூட்டுகிறேன். காடு என்பது வேடிக்கை பார்க்கும் இடம் என்று எண்ணிப் போன நாங்கள், ஒருவருடைய வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம்.

தேன் காலத்தில் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். அவருடைய பேத்தி செவிலியர் படிப்புக்காக வருகிற ஆண்டு பெங்களூர் வருகிறாள். மலையை விட்டு இறங்குவது அவளுக்கு இதுவே முதல்முறை. பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற, வாடகை குறைந்த விடுதி அறிந்தவர்கள் இப்பத்திரிகையின் முகவரிக்கு எழுதுங்கள். அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.