மழைக்காலப் பையில் நாய்க்கும் பூனைக்கும் இடம் வேண்டும்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயலின் மழையில் சென்னையின் பல பகுதிகள் மூழ்கிக் கிடந்தன. வாரம் மூன்று முறை எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் மூத்த அம்மையார் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை. அவர் வீட்டின் தரைத்தளத்தில் இடுப்பளவு நீர் நின்றது. படகில் வந்தவர்கள் அழைத்தும் அவர் இறங்கி வரவில்லை. படகில் நாய்க்கு இடமில்லை என்று சொல்லிவிட்டதே காரணம். தாயைத் தனியே விட மனமின்றி மகனும் மாடியிலேயே தங்கிவிட்டார். நீர் வடிந்தபின் அம்மையார் மூச்சுத்திணறலோடு வந்து சேர்ந்தார். இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய அளவுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. பிழைத்துக்கொண்டார் என்பது எங்கள் நற்பேறு.

"ஒரு நாய்க்காகவா உயிரைப் பணயம் வைத்தீர்கள்?" என்று அன்று அவரைக் கடிந்துகொண்டேன். "பத்து வருஷமா வளக்கறேன் டாக்டர். கட்டிப் போட்டுட்டு வரச் சொல்றீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் எங்கள் நோயாளிகளுக்கு ஓர் அறிவுரைத் தாள் தருகிறோம். கூடுதல் மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, மாற்று டயாலிசிஸ் மையம் என எல்லாம் அதில் உண்டு. வீட்டில் வளர்ப்புப் பிராணி இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் இல்லை. ஆகவே அந்த அம்மையாரின் பிடிவாதத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றே இப்போது கருதுகிறேன்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, வளர்ப்புப் பிராணிகளை விட்டுவர மனமின்றிப் பலர் வீடுகளிலேயே தங்கிவிட்டனர். அதன் விளைவாக, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மறு ஆண்டே அந்நாட்டில் சட்டம் இயற்றினார்கள். மிருகங்கள் மீது கொண்ட பரிவு மட்டும் இதற்குக் காரணமன்று. மனிதர்கள் வெளியேறுவதற்கே அது தேவைப்பட்டது. நாயை என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்யாத குடும்பம், படகு வாசலில் நிற்கும்போது நோயாளியைப் பற்றியும் சரியாக முடிவெடுக்காது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது இடம். நிவாரண முகாம்கள் பெரும்பாலும் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் நடக்கின்றன. குழந்தைகளும் முதியோரும் நெருங்கிப் படுக்கும் கூடத்தில் நாய்க்கு இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்க இயலாது. மருத்துவமனை வார்டிலும் அனுமதிக்க முடியாது. எனவே மேடான பகுதியில் வசிக்கும் உறவினர், நண்பர், கட்டணத்திற்குப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஆகியவற்றுள் இரண்டு இடங்களையாவது செப்டம்பரிலேயே பேசி வையுங்கள். கனமழை எச்சரிக்கை வந்ததும், தெருவில் நீர் ஏறும் முன்பே பிராணியை அங்கே அனுப்பிவிடுவதே எல்லாவற்றிலும் எளிது. டயாலிசிஸ் நாளில் வீட்டில் எவரும் இல்லாதபோது நீர் புகலாம்; நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி இருக்கட்டும்.

அடுத்தது பை. நோயாளியின் மருத்துவக் கோப்பும் மாத்திரைகளும் இருக்கும் பைக்குப் பக்கத்திலேயே இதுவும் இருக்கட்டும். ஒரு வார உணவு, குடிநீர், கிண்ணம், கழுத்துப்பட்டை, சங்கிலி, தடுப்பூசி அட்டையின் நகல், பிராணியோடு நீங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஆகியவை போதும். பிராணி தொலைந்து போனால் அது உங்களுடையது என்று காட்ட அந்தப் படம் உதவும். கழுத்துப்பட்டையில் கைபேசி எண்ணை அழியாத மையால் எழுதுங்கள்.

பூனை வளர்ப்போருக்கு ஒரு சொல். அவசர வேளையில் முதன்முதலாகக் கூடையைக் கண்ட பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். (எங்கள் வீட்டுப் பூனை ஒருமுறை குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் புகுந்துகொண்டு எங்களை ஒரு மணி நேரம் அலைக்கழித்தது.) மூடியுள்ள கூடையை இப்போதே வீட்டின் மூலையில் திறந்து வைத்து, அதற்குள் உணவு வையுங்கள். சில வாரங்களில் அதுவே பூனையின் படுக்கையாகிவிடும்.

இனி, சிறுநீரக மருத்துவன் என்ற முறையில் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கையால் நாய்ச் சங்கிலியைப் பிடிக்காதீர்கள். மிரண்ட நாய் ஒரே இழுப்பில் அக்கையைச் சேதப்படுத்திவிடும். கூடுமானவரை பிராணியைக் கொண்டுசெல்லும் பொறுப்பைக் குடும்பத்தில் வேறொருவர் ஏற்கட்டும். அவர் யார் என்பதும் இன்றே முடிவாகட்டும். பயந்த நாய் வளர்த்தவரையே கடிக்கக்கூடும். கடிக்காமல் தடுக்க வாயில் மாட்டும் மூடியை அணிவிப்பது கொடுமையன்று. அதற்கும் முன்பே பழக்க வேண்டும். அணிந்திருக்கும்போது நாய் வாய் திறந்து மூச்சுவிட இடம் இருக்க வேண்டும்.

கடியோ கீறலோ பட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்கு வெறிநாய்க்கடிக்கான சிகிச்சை சற்று மாறுபடலாம். பிராணியின் கழிவை அவர்கள் அள்ளவும் கூடாது. எலிக்காய்ச்சலை மறந்துவிடாதீர்கள். அந்தக் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமன்றி, தொற்றிய நாயின் சிறுநீரிலும் வெளியேறி வெள்ள நீரில் கலக்கும். சிறுநீரகத்தை நேரே தாக்கும். நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் பிராணிகளின் அவசர சிகிச்சைக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் பிராணியை விட்டுவர நேரும் நாள் வரலாம். அப்போது அதைக் கட்டிப்போடாதீர்கள். கட்டுண்ட நாய் நீர் ஏறும்போது நீந்தவும் முடியாமல் மடியும். மாடிக்கு ஏற்றி, உணவும் நீரும் வைத்து, கதவைத் திறந்துவிட்டு வாருங்கள். வந்தவுடன் மீட்புப் பணியாளரிடம் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் வந்துவிட வேண்டும். இரண்டு டயாலிசிஸைத் தவறவிட்ட உடல் மூன்றாவதற்குக் காத்திருக்காது.

இவ்வாண்டு எங்கள் பிரிவின் மழைக்காலப் படிவத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம்: வீட்டில் வளர்ப்புப் பிராணி உண்டா, வெள்ளம் வந்தால் அதை யார், எங்கே கொண்டுசெல்வார்? அந்த அம்மையார் இரண்டாவது வரியில் தாம்பரத்திலுள்ள தம் தங்கையின் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் படிவத்தை அடுத்த முறை வரும்போது செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.